உறையாத பெட்டி

மாப்ள,

பெட்டி இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியின் மேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் வருவது ரப்பர் வாசனை. அதற்கடியில் ஸ்பிரிட் பஞ்சின் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில், ஏதோ ஒரு கோடையில் நீ எனக்குத் தெரியாமல் உள்ளே வைத்துக் கொட்டிவிட்ட மோரின் புளிப்பு. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அது போகவில்லை என்று உன் பெண்டாட்டி சொன்னாள். போகாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் எனக்கும் ஊசி எழுதிவிட்டார்கள். இனி மாத்திரைக்குக் கட்டுப்படாது, இன்சுலின்தான் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஊசியை நினைத்துப் பயம் வரவில்லை. மருந்தை எங்கே வைப்பது என்றுதான் முதலில் கேட்டேன். "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குல்ல?" என்றார். "இருக்கு சார். ஆனா அதுல ஃப்ரீசரும் இருக்கே" என்றேன். "அதுல எதுக்கு வைக்கிறீங்க? கதவுப் பக்கம் வைங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சேதி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே தங்கச்சி, உன் பெண்டாட்டி, மில் துணியில் இந்தப் பெட்டியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த கதை. பள்ளிக்கூடத்தில் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனபோது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டவன் நான். எனக்காக நீயும் இறங்கி வந்து உட்கார்ந்தாய். அன்று மத்தியானம் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து நீ தொடையில் ஊசி குத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் உனக்குச் சர்க்கரை என்றே எனக்குத் தெரிந்தது. பதினான்கு வயது. நான் மயக்கம் போடாத குறை. நீ ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "கொசு கடிக்கிற மாதிரிதான்டா. புளிசாதம் வச்சிருக்கியா?" என்று கேட்டாய்.

அந்த ஊசி இல்லாமல் உனக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. இது உன் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். மருந்து சூட்டில் கெட்டுவிடும், குளிர்ச்சியான இடத்தை விட்டு எங்கும் போகாதே என்பதுதான் உனக்கு எல்லாரும் சொன்ன புத்தி. நீயோ வேடசந்தூர் மில்லில் எலக்ட்ரீசியன் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே, மில்லில் கிழிந்து ஒதுக்கிய தார்ப்பாயை வாங்கித் தைத்துக் கூடாரமாக்கிவிட்டாய். சித்திரையில் மில்லுக்கு நாலு நாள் லீவு விட்டால் போதும், காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ கிளம்பிவிடுவாய். வருஷமெல்லாம் மிஷின் சத்தம் கேட்ட காதுக்கு நாலு நாள் சும்மா இருக்க வேண்டும் என்பாய். நான் வராவிட்டால் தனியாகப் போவாய் என்ற பயத்தில்தான் நான் உன்னோடு வந்தேன். மற்றபடி எனக்குப் பாம்புக்குப் பயம், தேளுக்குப் பயம், கூடாரத்துக்கு மேலே நிற்கிற தென்னை மரத்தின் தேங்காய்க்குப் பயம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் உன் கலயம்தான். ஒரு சின்ன மண்கலயம், அதில் ஈர மணல், மணலுக்குள் ஒரு டம்ளர், டம்ளருக்குள் பாலித்தீன் பையில் மருந்துப் புட்டி. வாயில் ஈரத்துணி கட்டிக் காற்றாடும் கிளையில் தொங்கவிடுவாய். அதுதான் உன் ஃப்ரிட்ஜ். நாலைந்து வருஷம் அதுதான் உன்னைக் காப்பாற்றியது. ஆனால் நான் ஐஸ் கம்பெனிக்காரன். சித்திரை வெயிலில் ஒரு சட்டியை நம்பி உயிரை வைக்கிறாயே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஐஸ் கம்பெனியில வேலை பாக்குறவன் கூட இருக்கேன். நீ மண்ணுல பொதச்சு வைக்கிற. எனக்கு அசிங்கமா இருக்கு மாப்ள" என்று வருஷா வருஷம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு வருஷம், "சரி மச்சான், இந்தத் தடவ உன் பெட்டிதான். ஆளை விடு" என்று கலயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய். எனக்காகத்தான் வந்தாய்.

இப்போது சொல்ல வேண்டியது அந்த வருஷத்துக் கதை.

எங்கள் கம்பெனியில் குச்சி ஐஸ் எப்படி உறைகிறது என்று நீ பலமுறை வந்து பார்த்திருக்கிறாய். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர். அது ஐஸைவிடக் குளிர்ந்து கிடக்கும், ஆனால் உறையாது. அதற்குள் அச்சுகளை இறக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் கல்லாகிவிடும். வெறும் ஐஸ் சும்மா குளிரும், உப்புப் போட்ட ஐஸ் கடிக்கும் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். கல்யாண வீட்டுக்குக் குல்ஃபி கொண்டுபோகிறவர்களும் ஐஸில் கல்லுப்பை அள்ளிப் போட்டுத்தான் பெட்டியை மூடுவார்கள். எங்கள் தொழிலில் எதிரி என்றால் சூடு ஒன்றுதான். குளிர் கூடிப்போய்க் கெட்டுப்போன ஒரு சாமானை நான் அதுவரை கண்டதில்லை.

கீரனூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் அந்தத் தென்னந்தோப்பு. கம்பெனியின் மூன்று சக்கர டெம்போவை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு போனோம். நீ கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தபோது நான் மரப்பெட்டியைத் திறந்து, உடைத்த ஐஸில் கைகொள்ளுமட்டும் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். நாலு கை போட்டேன். கிளறிவிட்டு, உன் இரண்டு புட்டிகளையும் பையில் கட்டி நடுவில் புதைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மூன்று நாளும் பெட்டி எப்படி இம்புட்டுக் குளிராக இருக்கிறது என்று நீ அசந்துபோய்க் கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மருந்தை எடுத்துவரப் போனவன் நான்தான். பையைப் பிரித்தால் புட்டி கல்லாக இருந்தது. ஆட்டினேன், அசையவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா மாப்ள? பெருமையாக இருந்தது. கொளுத்துகிற வெயிலில் இப்படி ஒரு குளிரை யாரால் வைக்க முடியும் என்று நினைத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, ஊதி, வேட்டியில் சுற்றி, உருக்கி எடுத்துவந்து உன் கையில் கொடுத்தேன். பார்வைக்கு முன்னே இருந்த மாதிரியே தெளிவாக இருந்தது. ஐஸ் உருகினால் தண்ணீர், தண்ணீர் உறைந்தால் ஐஸ். நான் கண்ட உலகம் அவ்வளவுதான். நீ வாங்கிப் போட்டுக்கொண்டாய். சாயங்காலமும் அப்படியே உருக்கிக் கொடுத்தேன்.

அன்று மாலையே உனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் என்று நினைத்தோம். இளநீர் வெட்டிக் கொடுத்தேன், குடித்தாய். இன்னொன்று கேட்டாய், வெட்டினேன். அடுத்த நாள் காலையில் மூன்றாவது தடவையாக அதே மருந்தைப் போட்டுக்கொண்டு, செத்த நேரத்தில் வாந்தி எடுத்தாய். பிறகு சுருண்டு படுத்துவிட்டாய். தண்ணீர்ப் பானை காலியாக இருந்தது. நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் நீ தவழ்ந்து போய் ஐஸ் பெட்டியைத் திறந்து, உருகிய தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறாய். நான் வரும்போது அதைத் துப்பிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "அது அழுக்குத் தண்ணி மாப்ள, அதைப் போய்க் குடிக்கிற" என்றேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டாய். குமட்டலில் துப்புகிறாய் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த வாசனை. உன்னைத் தூக்கி மடியில் சாய்த்தபோது உன் மூச்சில் பழ வாசனை அடித்தது. சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்துக் கனிந்து போனால் வருமே, அதே வாசனை. வாந்தி எடுத்த வாயில் பழ வாசனை எப்படி வரும்? மூச்சு இழுத்து இழுத்துப் போய்வந்தது. உன்னை விட்டுவிட்டு ஓடிப்போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தவரைக்கும் போதும்.

நல்லவேளை தோப்புக்காரர் வந்தார். வரப்பில் நின்றபடியே உன்னைப் பார்த்தார். "ஏனுங்க, அவரு மூச்சு வாங்கறது சரியில்லீங்க. நின்னு பேசிட்டு இருக்காதீங்க, வண்டிய எடுங்க" என்றார். நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "உங்களைத்தானுங்க! தூக்குங்க!" என்று அதட்டினார். அவர்தான் உன்னைத் தோளில் போட்டு டெம்போவில் ஏற்றினார், மருந்து இருந்த ஐஸ் பெட்டியையும் தூக்கி வைத்தார். பழனி போய்ச் சேர்கிற வரைக்கும் பின்னால் உட்கார்ந்து உன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பாட்டில் ஏற்றிவிட்டு டாக்டர் வெளியே வந்தார். "இன்சுலின் ஒழுங்கா போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டார். மூன்று வேளையும் போட்டான் என்றேன். "வெயில்ல இருந்துச்சா?" இல்லை சார், ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தோம் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஐஸ் பெட்டியா? உறைஞ்சுபோச்சா? உறைஞ்ச மருந்து வேலை செய்யாதுய்யா, அது வெறும் தண்ணி."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வேளை உன் உடம்பில் நான் ஏற்றியது வெறும் தண்ணீர். "உறையல சார்" என்றேன்.

"அப்ப வாங்கும்போதே கெட்ட மருந்தா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்து அந்தப் புட்டிகளைக் கல்லில் போட்டு உடைத்தேன். பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தேன். தங்கச்சி அழுதுகொண்டே பஸ்ஸில் வந்து இறங்கியபோது, கெட்ட மருந்து கொடுத்துவிட்டார்களாம் என்று நானே சொன்னேன்.

அந்தப் பொய் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. நீ பிழைத்துத் திண்டுக்கல் வந்து சேர்ந்த இரண்டாம் நாள், தங்கச்சி மருந்துக் கடை வாசலுக்குப் போய் நின்றாள். தெருவே கூடிவிட்டது. "என் தாலிய அறுக்கப் பாத்தியே, நீ வெளங்குவியா? உன் கடை வெளங்குமா?" என்று கத்திவிட்டு, குனிந்து தெருமண்ணை இரண்டு கையாலும் வாரிக் கடைக்குள் தூற்றினாள். நம் பக்கத்தில் ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றினால் அது எப்பேர்ப்பட்ட சாபம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் கண்ணாடியெல்லாம் மண்ணாக, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "தாயி, நான் அப்படிச் செய்வேனா தாயி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பேர் நடுவில் நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து நீ அந்தக் கடையிலேயே மறுபடியும் மருந்து வாங்கிக்கொண்டு வந்தாய். தங்கச்சி உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீ என்னிடம், "கடைக்காரர் மேல தப்பு இல்ல மச்சான்" என்றாய். எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில், "ஆமா, நல்ல மனுஷந்தான்" என்று பேச்சை மாற்றினேன்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் கூடாரம் பரணில் கிடந்தது. மருந்து கூடவே ஃப்ரிட்ஜும் வந்தால் போங்கள், இல்லாவிட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். உனக்கு அது ஒரு வழியாகப் பட்டதே தவிர தடையாகப் படவில்லை. நீ பழைய ஆம்னி வேன் வாங்கிய வருஷம், மில் ஆபீசர் ஒருத்தரின் காரில் சிகரெட் பற்றவைக்கிற குழியில் சொருகினால் ஓடுகிற சின்னக் குளிர்பெட்டியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாய். "மச்சான், ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கிட்டே கேம்ப் போகலாம்டா!" உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது.

கடை கடையாக ஏறினோம். திண்டுக்கல்லில் கார் டேப் ரெக்கார்டர் விற்கிற கடைகளில் அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரர் பெரிய பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, "இது கம்ப்ரசர் வச்சது சார். வெளிய எம்புட்டு வெயில் அடிச்சாலும் உள்ள ஐஸே போடும்!" என்று தட்டிக் காண்பித்தார். அவர் சொல்லி முடிக்கவில்லை. "வேணாம்" என்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் திகைத்துவிட்டார். "சார், ஐஸ் போடும்னு சொல்றேன்."

"அதான் வேணாங்குறோம்" என்றாய் நீ. "ஐஸ் போடாத பெட்டி இருக்கா? தலகீழா நின்னாலும் உறைய வைக்கத் தெரியாத பெட்டி?"

"ஃப்ரிட்ஜ் வாங்க வந்துட்டு குளிராத ஃப்ரிட்ஜ் கேக்குறீங்களே சார்" என்று அவர் தலையைச் சொறிந்தார். நீ என் தோளில் கையைப் போட்டு, "எங்க ஆளு ஐஸ் கம்பெனிண்ணே. இவன் கைக்கு அந்த மாதிரிப் பெட்டிதான் சரிப்படும்" என்றாய். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலிதான் பண்ணுகிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூலையில் தூசி படிந்து கிடந்த இந்தப் பெட்டியைக் கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்தார். யாரும் வாங்காத பெட்டி. உள்ளே கம்ப்ரசர் இல்லை, கரண்டு பாய்ந்தால் குளிர்கிற ஒரு தகடு, ஒரு சின்ன விசிறி, அவ்வளவுதான். வெளியே இருக்கிற சூட்டிலிருந்து கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், அதற்கு மேல் அதனால் முடியாது. உறைய வைக்கச் சொன்னாலும் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் ஒரு சுவிட்சு இருந்தது, அதைத் தள்ளினால் குளிருக்குப் பதிலாகச் சூடு வருமாம், சோறு சூடாக வைத்துக்கொள்ளலாமாம். எனக்கு உயிரே போய்விட்டது. தெரியாமல் கை பட்டால்? குண்டு குழியில் வண்டி குதித்துத் தானாகத் தள்ளிக்கொண்டால்? நீ வீட்டுக்கு வந்த கையோடு ஸ்க்ரூவைக் கழற்றி அந்த ஒயரை அறுத்து டேப் சுற்றிவிட்டாய். "போதுமா? இனி இதுக்கு ஒரே ஒரு புத்திதான், என்னைய மாதிரி" என்றாய்.

அதோடு விட்டேனா? பெட்டி ஓடினால் வண்டி பேட்டரி இறங்கிவிடும், காட்டில் வண்டி கிளம்பாது என்றேன். பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு லாரி பேட்டரியைக் கட்டினாய். வெயிலில் நிறுத்திப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றேன். மில் வாசலில், நிழலே இல்லாத இடத்தில் வேனை நிறுத்தி, கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த தெர்மாமீட்டரை உள்ளே வைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். அரைமணிக்கு ஒரு தடவை நான் ஓடி ஓடிப் பார்த்தேன். மில் பஸ்ஸிலிருந்து இறங்கின பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். பெட்டி ரொம்பவும் குளிரவில்லை, ஆனால் சுடவும் விடவில்லை. "பாத்தியா, நம்ம கலயம் என்ன செஞ்சுச்சோ அதைத்தான் இதுவும் செய்யுது. என்ன, இது கரண்டு திங்குது" என்றாய். அப்போதும் உன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் அன்றைக்கே உடைந்திருப்பேன்.

அதற்கப்புறம் ஆறு சித்திரை போனோம். ஒவ்வொரு தடவையும் நீ ஊசி போடும் முன்னால் புட்டியை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துக் காட்டுவாய். "ஆடுது பாரு மச்சான்" என்பாய். நான் தலையை ஆட்டினால்தான் ஊசியை எடுப்பாய். நான் பயந்தவன், என்னைச் சீண்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷம், ஒவ்வொரு வேளையும். ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை, பார்.

நாம் பயந்த இடத்திலிருந்து அது வரவில்லை. காடும் வெயிலும் பெட்டியும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்தவன், திண்டுக்கல் வந்தும் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி வந்ததுகூடத் தெரிந்திருக்காது, சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் என்றார்கள். உன்னைத் தூக்கிக் கிடத்தியிருந்தபோது நான் உன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். எல்லாரும் அழுவதற்குத்தான் குனிகிறேன் என்று நினைத்தார்கள். அந்தப் பழ வாசனை வருகிறதா என்று பார்த்தேன் மாப்ள. வரவில்லை. அந்த நேரத்திலும், இது என்னால் இல்லை என்று எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. அதற்காக இரண்டு வருஷமாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தங்கச்சி சொன்னதைச் சொல்கிறேன். பெட்டியை முக்காலியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியாப் போய்ட்டு வந்த வருஷம், இதைக் கழுவிக்கிட்டே சொன்னாருண்ணே. அந்த உப்புக்காரனுக்கும் ஒருநா ஊசி வரும், அப்ப இந்தப் பெட்டிய அவன்கிட்டக் குடுத்துரு, வேற பெட்டி வாங்க விட்டுறாதன்னு. யாரு உப்புக்காரன்னு கேட்டேன். உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சாரு. அதென்னண்ணே உப்பு? உங்களை அவரு அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே."

நீ கையில் அள்ளிக் குடித்த அந்த உப்புத் தண்ணீர், துப்பிவிட்டு நீ நிமிர்ந்து பார்த்த பார்வை, மதுரைக் கடையில் என் தோளில் விழுந்த கை, ஆடுது பாரு மச்சான். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. உனக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

இந்தத் தடவை சைக்கிளைத் திருப்ப இடம் இல்லை. உட்கார் தங்கச்சி என்றேன். உப்பு, கல்லான புட்டி, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லாமப் போனாரு?"

"சொல்லியிருந்தா என்னைய உன் வீட்டு வாசல்ல நிக்க விட்டிருப்பியாத்தா?"

"மாட்டேன்" என்றாள் பட்டென்று. பிறகு எழுந்துகொண்டாள். "அந்த மருந்துக் கடைக்காரரு இருக்காரா? நான் மண்ணை வாரிப் போட்ட மனுஷன் உசுரோட இருக்காரா? வாங்க, போவோம்."

போனோம். அவள் முன்னால் போனாள், நான் நாலடி பின்னால் போனேன். கடை இருந்தது. அவரும் இருந்தார், வயதாகி, மகன் கல்லாவில் உட்கார, அவர் ஓரமாக ஒரு நாற்காலியில். தங்கச்சி கடைப்படியில் ஏறியதும் அவர் எழுந்துவிட்டார். பழைய நினைப்பில் கையைக்கூடக் கூப்பிவிட்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவளை முந்திக்கொண்டு போய்ச் சொன்னேன்: "ஐயா, அந்த மருந்து உங்க கடையில கெடல. நான்தான் உப்புப் போட்டு உறைய வச்சுக் கெடுத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களா? அவரு அப்பவே வந்து சொல்லிட்டாரேய்யா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து, நடக்கக்கூட முடியாம, இந்தப் படியிலதான் உக்காந்தாரு. மருந்தை நான்தாங்க ஐஸ்ல வச்சுக் கெடுத்துப்புட்டேன், எம்மேலதான் தப்பு, என் வீட்டுக்காரி தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சுருங்கன்னாரு. குனிஞ்சு இந்த எடத்தத் தொட்டுக் கும்பிட்டாரு. நான் என்ன செய்யறதுன்னு தெரியாமப் பதறிப்போயிட்டேன்."

தங்கச்சி அப்போதுதான் அழுதாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

என் சீட்டை மகன் வாங்கிப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்தான். வீடு வருகிற வரைக்கும் புட்டியை மேல் பையில் வைத்துக் கையால் மூடிக்கொண்டே வந்தேன். வெயில் படக் கூடாது. உன் பெட்டிக்குள் வைத்து, வீட்டுக் கரண்டில் ஓட நீ அப்போதே செய்து வைத்திருந்த அடாப்டரில் சொருகினேன். விசிறி சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முன்னைவிடக் கூடித்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் பயம், விசிறி நின்றால் பயம், ஊசி முனையைப் பார்த்தால் பயம். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. இதுவரை நான் உன்னிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. இனிமேல் கேட்டு உன் காதில் விழப்போவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன், மன்னித்துக்கொள் மாப்ள.

இன்று காலையில் முதல் ஊசி. வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். ஆடியது.